எர்ஷாத்துக்கு ஓ.டி.எஸ். போட்டுக் கொடுத்தது யார்?

போன ஞாயிறு லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு (விலையைக் கேட்காதீங்க, வயிறு எரியுது) வீட்டுக்குத் திரும்பும்போது மாடி வீட்டு தாதாவிடம் மாட்டிக்கொண்டேன். தாதா என்றால் இங்கே கல்கத்தாவில் அண்ணன். நம்ம ஊர் தாதா இல்லை, பயப்படாதீங்க. எழுபதைத் தாண்டியவர், பூர்வீகம் பாரிசால். பங்களாதேஷ் அரசியலை எடுத்தால் முதல் டீ மட்டுமில்லை, இரண்டாவது டீயும் ஆறிப்போகும்.

பேச்சு பர்மாவில் ஆரம்பித்தது. 2025 டிசம்பர் 28-ல் தொடங்கி ராணுவம் அங்கே ஒரு தேர்தல் நடத்தியதே, அதில். நிற்பதா புறக்கணிப்பதா என்று யோசிக்கும் வாய்ப்புகூட சூச்சியின் கட்சிக்கு இல்லை. 2023-லேயே கலைத்துவிட்டார்கள். "எங்க பக்கம் 1986-ல் அந்த வாய்ப்பு இருந்தது. ஒருத்தர் போய் விழுந்தார், ஒருத்தர் கடைசி வரை மசியலை" என்றார் தாதா. விழுந்தவர் ஷேக் ஹசீனா, மசியாதவர் காலிதா ஜியா. காலிதாவுக்கு 'சமரசம் செய்யாத தலைவி' என்ற பட்டப் பெயரே அதில் வந்ததுதான்.

எனக்கு இந்தப் பட்டத்தின் மேல்தான் கோபம். ஹசீனா செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ரெண்டு பேருமே சேர்ந்து ஜெனரலுக்கு லாபம் காட்டினார்கள் என்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: ஜெனரல் எர்ஷாத் 1982 மார்ச் 24-ல் ஆட்சியைப் பிடித்தார். எதிர்ப்பில் ரெண்டு பெரிய அணி. அவாமி லீக் தலைமையில் 15 கட்சி, பி.என்.பி. தலைமையில் 7 கட்சி. ராணுவச் சட்டம் இருக்கும்வரை தேர்தலுக்கு வரமாட்டோம் என்று ரெண்டு அணியும் சொல்லிக்கொண்டிருந்தன. 1986 மார்ச்சில் அவாமி லீக் திடீரென்று நிற்கிறேன் என்றது. ஜமாத்தும் நின்றது. பி.என்.பி. வெளியே. அவாமி லீக்கோடு இருந்த இடதுசாரிகள் சிலர் கோபித்துக்கொண்டு தனியாக 5 கட்சி அணி ஆனார்கள்.

மே 7 தேர்தல். எர்ஷாத்தின் ஜாதியோ கட்சிக்கு 300-ல் 153. அவாமி லீக்குக்கு 76. வாக்குத் திருட்டு என்று ஹசீனா கத்தினார், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்தார். அந்த நாடாளுமன்றத்தை வைத்து எர்ஷாத் என்ன செய்தார் தெரியுமா? நவம்பரில் ஏழாவது திருத்தம். நாலரை வருஷ ராணுவச் சட்டத்தில் செய்த அத்தனைக்கும் மன்னிப்பு. அவாமி லீக் அதற்கு ஓட்டுப் போடவில்லைதான். ஆனால் எதிர்க்கட்சியே இல்லாத சபை என்றால் அதற்கு மரியாதை ஏது? அந்த மரியாதையைக் கொடுத்தது யார்?

இங்கே ஒரு ஆபீஸ் கதை சொல்லணும். பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், வசூல் பிரிவில் இருந்தேன். ஒரு மில்லுக்கு அஞ்சு பேங்க் சேர்ந்து கடன் கொடுத்திருந்தோம், கன்சார்ட்டியம். வட்டியும் வரலை, அசலும் வரலை. அஞ்சு பேரும் உட்கார்ந்து, யாரும் தனியாக செட்டில்மென்ட் பேசக்கூடாது என்று முடிவெடுத்தோம். மினிட்ஸ் எல்லாம் பக்கா. ரெண்டே மாசத்தில் முதலாளி எங்களை மட்டும் தனியாகப் பார்த்தார். "உங்க பாக்கியை மார்ச்சுக்குள் முடிச்சிடறேன், கேஸில் மட்டும் சேராதீங்க." மார்ச் டார்கெட் பற்றி பேங்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒத்துக்கொண்டோம். மேலிடத்துக்கு அந்த நோட்டை டைப் அடித்தவன் நான்தான்.

வந்தது முதல் தவணை மட்டும். எங்கள் கடிதத்தைத்தான் அவர் மற்ற எல்லாரிடமும் நீட்டினார்: "பாருங்க, ஒரு பேங்க் என்னை நம்புது." அதில் வாய்தா மேல் வாய்தா. மெஷினெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏறிவிட்டது.

அந்த அஞ்சில் இன்னொரு பேங்க், எங்கள் துரோகத்தைப் பார்த்து "இனி கூட்டத்துக்கே வரமாட்டோம்" என்று விலகியது. அந்த அதிகாரியைப் பின்னாளில் ஒரு டிரெயினிங்கில் பார்த்தேன். "சார், நாங்க அன்னைக்கே கையெழுத்துப் போடலை" என்றார் பெருமையாக. வசூல் எவ்வளவு சார் என்றேன். சைபர்.

1986-ல் பி.என்.பி.யின் புறக்கணிப்பு அந்தக் கையெழுத்துப் போடாத பெருமைதான். தேர்தல் நின்றதா? இல்லை. திருத்தம் நின்றதா? இல்லை.

எது வேலை செய்தது என்று பாருங்கள். 1987 நவம்பரில் டாக்கா முற்றுகை, எல்லா அணியும் தெருவில். மார்பிலும் முதுகிலும் கோஷத்தை எழுதிக்கொண்டு வந்த நூர் ஹுசைன் என்ற இளைஞர் நவம்பர் 10-ல் சுடப்பட்டு இறந்தார். டிசம்பரில் அந்த நாடாளுமன்றமே கலைந்தது. 1988 மார்ச் தேர்தலை அவாமி லீக், பி.என்.பி., ஜமாத் எல்லாருமே ஒதுக்கினார்கள். ஜாதியோவுக்கு 251 சீட். ஆனால் அதை யார் மதித்தார்கள்? 1990 நவம்பர் 19-ல் மூன்று அணியும் ஒரே அறிக்கையில், ஆட்சியை யார் கையில் எப்படி ஒப்படைப்பது, அடுத்த தேர்தல் யார் கீழே என்பதுவரை எழுதி வைத்தார்கள். டிசம்பர் 6-ல் எர்ஷாத் ராஜினாமா. பதினேழே நாள்!

"அப்போ சேர்ந்து புறக்கணித்தால் போதும் என்கிறீர்களா?" என்று தாதா மடக்கினார். போதாது. பாகிஸ்தானில் 1985-ல் கட்சிகள் கூட்டணியாகச் சேர்ந்துதான் ஜியா உல் ஹக்கின் தேர்தலைப் புறக்கணித்தன. அவர் கட்சியே இல்லாத தேர்தல் வைத்தார், தனி ஆட்கள் நின்று சபையை நிரப்பினார்கள், எட்டாவது திருத்தம் பாஸ் ஆனது. புறக்கணித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

அதே பாகிஸ்தானில் 2006 மே மாதம் லண்டனில் பேநசீரும் நவாஸும் ஜனநாயக சாசனம் என்று கையெழுத்துப் போட்டார்கள், ராணுவ ஆட்சியோடு சேரமாட்டோம் என்று. நம்ம மினிட்ஸ் மாதிரி! 2007 அக்டோபர் 5-ல் முஷாரஃப் வழக்குகளை ரத்து செய்யும் அவசரச் சட்டம் போட்டார், பேநசீருக்கு நிம்மதி. மறுநாளே ஜனாதிபதி தேர்தல். மற்ற எதிர்க்கட்சிகள் ராஜினாமா செய்து வெளியேறியபோது பேநசீர் கட்சி ராஜினாமா செய்யாமல் ஓட்டு மட்டும் போடாமல் இருந்தது. முஷாரஃப் சீருடையோடு ஜெயித்தார்.

டீல் இல்லாவிட்டால் அந்த அம்மா நாடு திரும்பியிருக்கவே முடியாது என்பார்கள். உண்மைதான். நாடு திரும்பினார், டிசம்பர் 27-ல் கொல்லப்பட்டார். அந்த டீல் அவரைக் காப்பாற்றவில்லை. முஷாரஃபை விரட்டியதும் அது இல்லை. புறக்கணிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த நவாஸ் டிசம்பரில் மனம் மாறி நின்றதால், 2008 பிப்ரவரியில் ரெண்டு பெரிய கட்சியும் உள்ளே வந்தன. ஆகஸ்ட் 18-ல் பதவி நீக்கத்துக்குப் பயந்து முஷாரஃப் போனார். வழக்கு ரத்து சட்டமோ, 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் செல்லாது என்றானது. எர்ஷாத் வாங்கிய மன்னிப்பும் அப்படித்தான், 2010-ல் டாக்கா உயர் நீதிமன்றம் ஏழாவது திருத்தத்தைச் செல்லாது என்றது. இருபத்து நாலு வருஷம் கழித்து.

தாதா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "மசியாதவர் மசியாதவர்தான், 91-ல் ஜனங்களே அவரைத்தானே பிரதமர் ஆக்கினாங்க" என்கிறார். ஆக்கினார்கள்தான், பி.என்.பி.க்கு 140 சீட், அவாமி லீக்குக்கு 88. ஆனால் அதே தேர்தலில் ஜெயிலில் இருந்த எர்ஷாத் நின்ற அஞ்சு தொகுதியிலும் ஜெயித்தார் தாதா, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றேன். டீ ஆறிடுச்சு, போய் வேற போடச் சொல்றேன் என்று எழுந்துவிட்டார்.