கட்சிகள் வேண்டாமாம்!

ரோடு வந்து சேரவே பல காலம் பிடித்த எங்கள் சித்தேரி மலைக்கு, ஒரு பிரசாரம் மட்டும் செல்போன் வழியே ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. கட்சிகள் எல்லாம் ஒழிய வேண்டுமாம். கட்சி இல்லாத ஜனநாயகமே தூய ஜனநாயகமாம். கொடியும் கோஷமும் இல்லாமல், ஊருக்கு ஒரு உத்தமரைப் பொறுக்கியெடுத்துச் சென்னைக்கும் டில்லிக்கும் அனுப்பிவிட்டால் பாலாறும் தேனாறும் ஓடுமாம்!

அண்மையில் ஒரு காலை, அரூர் பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு இளைஞர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். பட்டம் பெற்றவர். இந்த மலையிலேயே பிறந்தவர்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லவர்தான். ஆனா கட்சி எதுக்கு? நல்ல மனுஷனா ஒருத்தரை நிறுத்தி ஜெயிக்க வெச்சா போதாதா? எல்லாத்தையும் கெடுக்கிறதே கட்சிதானே?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வி அவருடையதல்ல, யாரோ வாடகைக்கு விட்டது. ஆனால் அதற்குள் இருந்த கசப்பு அவருடைய சொந்தக் கசப்பு. ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"தம்பி, மலையிறங்கினால் அடிவாரத்தில் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"வாச்சாத்தி."

"அங்கே நடந்தது தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். நான் பொறக்கறதுக்கு முந்தி."

எனக்கும் அப்போது பள்ளிக்கூட வயதுதான். ஆனால் இந்த மலையில் வளர்ந்த எவருக்கும் அது கேள்விப்பட்ட கதை அல்ல.

1992ஆம் ஆண்டு ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். ஆடுகோழிகளையும் விட்டுவைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைக்கூடக் கெடுத்துப் போட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேரைக் கைது செய்து கொண்டு போனார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஒரு ஊர் காலியாயிற்று.

இப்போது கட்சி வேண்டாம் என்பவர்களைக் கேட்கிறேன். அன்று அந்த ஊருக்கு எந்த உத்தமர் வந்தார்? புகார் கொடுக்க வேண்டிய போலீஸ்தான் அடித்தது. காட்டைக் காக்க வேண்டிய துறைதான் ஊரை அழித்தது. சர்டிபிகேட் கொடுக்கும் துறையும் கூடவே நின்றது. யாரிடம் போய்ச் சொல்வது? ஜெயிலில் இருக்கும் தாய், காட்டில் ஒளிந்திருக்கும் தகப்பன், கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி, இவர்கள் "சுதந்திரமான தனிமனிதர்களாக" ஐகோர்ட் படியேற வேண்டுமாக்கும்!

விஷயத்தை 1992 ஜூலையில் உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும். பெ. சண்முகம் போன்ற சங்கத் தலைவர்கள் சிதறிக் கிடந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். அன்று கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட் வரை மனு கொண்டு போனார். அன்றைய அ.தி.மு.க. ஆட்சி, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாதித்தது. 1995இல் சென்னை ஐகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் வழக்கு ஊர்ந்தது. மாநிலத்தில் நான்கு முறை ஆட்சி மாறியது. ஒரு கழகம் போய் இன்னொரு கழகம், அது போய் மறுபடி இது. குற்றவாளிகளில் 54 பேர் வழக்கு முடியுமுன்பே செத்துப் போனார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி கோர்ட் மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள்.

பத்தொன்பது வருஷம்! அந்தப் பெண்கள் அத்தனை வருஷமும் சாட்சியிலிருந்து பிறழவில்லை. முதல் மரியாதை அவர்களுக்குத்தான், எந்தக் கட்சிக்கும் அல்ல. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா அவர்களோடு போனது யார்? பஸ் சார்ஜ் வசூலித்தது யார்? வக்கீலைப் பிடித்தது யார்? "சமாதானமாகப் போய்விடுங்கள்" என்று வந்தவர்களுக்கு முன்னால் நின்றது யார்? இது ஒரு மகானால் ஆகிற காரியமல்ல. மகானுக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். மகான் செத்தும் போகலாம். நல்லசிவன் தீர்ப்பைப் பார்க்க இருக்கவில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பெயர்தான் ஸ்தாபனம்.

தண்டிக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை, அப்பீல் போனார்கள். ஐகோர்ட் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் நேரிலேயே வாச்சாத்திக்கு வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் அப்பீல்களைத் தள்ளினார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும் புள்ளிகளையும் காப்பாற்றவே, அன்றைய சர்க்காரின் உதவியோடு அதிகாரிகள் ஆடிய நாடகம் இது என்ற முடிவுக்கும் அந்தத் தீர்ப்பு வந்தது. நாங்கள் 1992இல் மேடையில் சொன்னபோது "கட்சிக்காரன் பேச்சு" என்று சிரித்தார்களே, அதே விஷயம்தான்!

"இது ஒரு வழக்குதானே, இதற்கு ஒரு வக்கீல் சங்கம் போதுமே" என்று சிலர் மூக்கை நுழைக்கலாம். போதாது. வழக்கில் ஜெயித்தாலும் மறுநாள் காட்டுக்குள் மாடு ஓட்டிப் போகிறவனை மறிக்க அதே கார்டு நிற்பான். பாட்டன் காலத்திலிருந்து சாமை விதைத்த நிலம் ரிஜிஸ்டரில் "ரிசர்வ் காடு" என்றே இருக்கும். சித்தேரிக்காரர் கஷ்டத்தையும், ஒரிசா மலைக்காரர் கஷ்டத்தையும், ஜார்க்கண்ட்காரர் கஷ்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கோரிக்கையாக்கி, அதைச் சட்டமாக்க வேண்டும். 2006 டிசம்பரில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் அப்படி வந்ததுதான். பழங்குடி இயக்கங்களின் போராட்டமும், அன்று மத்திய சர்க்காரை வெளியிலிருந்து தாங்கிய இடதுசாரிகளின் நெருக்குதலும் அதற்குப் பின்னால் இருந்தன. 543 உத்தமர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் அங்கே ஒரு சட்டம் வராது, 543 பிரசங்கங்கள்தான் வந்திருக்கும்.

கட்சியில்லா ஜனநாயகம் என்பது புதுச் சரக்கும் அல்ல. நேபாளத்தில் மகேந்திர மகாராஜா 1960 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரி சபையைக் கலைத்துப் பிரதம மந்திரியை ஜெயிலில் போட்டார். அடுத்த மாதம் கட்சிகளைத் தடை செய்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? கட்சியில்லாப் பஞ்சாயத்து முறைதான் எங்கள் மண்ணுக்கேற்ற ஜனநாயகம் என்றார்! எல்லாக் கட்சியும் போயின. ஒரே ஒரு கட்சி மிஞ்சியது, அரண்மனைக் கட்சி. முப்பது வருஷம் அதுதான் ஆண்டது. 1990இல் நேபாளி காங்கிரசும் இடதுசாரி முன்னணியும் சேர்ந்து ஜனங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த பிறகே அது ஒழிந்தது. பாகிஸ்தானில் 1958இல் கட்சிகள் தடை செய்யப்பட்ட பிறகு, ராணுவத் தளபதி அயூப்கான் மறு வருஷம் "அடிப்படை ஜனநாயகம்" என்று ஒன்றைக் கொண்டுவந்த கதையும் இதே ஜாதிதான்.

நல்ல எண்ணத்தோடு இதைச் சொன்னவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எம்.என். ராய் 1948இல் தம் கட்சியையே கலைத்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சியற்ற ஜனநாயகத்தைப் பல ஆண்டுகள் உபதேசித்தார். அந்த நேர்மையான மனிதர் 1975இல் எமர்ஜென்சி வந்து சிறைக்குள் போனார். வெளியே வந்ததும் என்ன செய்தார்? சர்வாதிகாரத்தைத் தேர்தலில் வீழ்த்த, நான்கைந்து கட்சிகளை ஒட்டி 1977இல் ஜனதா கட்சி என்று ஒரு கட்சியையே உண்டாக்க வேண்டி வந்தது. அவருடைய புத்தகத்தைப் படிக்கிறவர்கள் அவருடைய வாழ்க்கையையும் கொஞ்சம் படிக்கட்டும்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலையே பாருங்கள். தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டப்படி அது கட்சியில்லாத் தேர்தல்தான். உத்தமர்கள் ஆண்டார்களா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்துக்காக, 1996 முதல் பத்து வருஷம் அந்தப் பதவியில் ஒரு தலித் நிலைத்து உட்கார முடியவில்லை. மேலவளவில் துணிந்து ஜெயித்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். கட்சி வெளியே நின்ற இடத்தில் ஜாதி நாற்காலி போட்டு உட்கார்ந்தது! 2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. சர்க்காரும் கட்சிகளும் தலித் இயக்கங்களும் தலையிட்ட பிறகு.

பணக்காரனுக்குக் கட்சி எதற்கு? அவனுக்குப் பணம் இருக்கிறது. ஜமீன்தார் பேரனுக்கு ஜாதி இருக்கிறது. உத்தியோகஸ்தனுக்கு முத்திரையும் லாக்கப்பும் இருக்கின்றன. கூலிக்காரனுக்குக் கட்சியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆனால் டீக்கடை இளைஞரின் கசப்புக்கும் பதில் சொல்கிறேன் என்றேனே. அங்கே நான் தலை குனிந்துதான் பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கசப்பு பொய்யல்ல.

1952லேயே ஆரம்பித்தது. சென்னை ராஜ்யத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் கூட்டாக மந்திரி சபை அமைக்க முன்வந்தார்கள். கவர்னரோ, ஜனங்களிடம் ஓட்டே கேட்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமிக்க, அவர் முதல் மந்திரியானார். காங்கிரசை எதிர்த்து ஓட்டு வாங்கிய காமன்வீல் கட்சித் தலைவர் மந்திரிப் பதவியில் உட்கார்ந்தார். வட தமிழ்நாட்டு உழவர்களின் ஓட்டு ஒரே ராத்திரியில் கை மாறியது. 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்களை மந்தையாகக் கொண்டுபோய்க் கூவத்தூர் விடுதியில் வைத்திருந்ததைப் பார்த்த தம்பிக்குக் கட்சி என்றால் அருவருப்பு வராமல் என்ன வரும்?

பணத்தைப் பற்றிச் சொன்னால் வாய் நாறும். தேர்தல் பத்திரம் என்று ஒரு திருட்டுக் கதவைத் திறந்தார்கள். கொடுத்தவன் பெயர் ஜனங்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்த பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் மாற்றப்பட்டது 12,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக பா.ஜ.க. ஒன்றுக்கே. தி.மு.க. தானே தேர்தல் கமிஷனுக்குக் கொடுத்த கணக்குப்படி, ஒரு லாட்டரி கம்பெனியிடமிருந்து மட்டும் 509 கோடி. வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. அது பத்திரம் வாங்கவில்லை. இதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தும்போதே எதிரில் இருப்பவர் கேட்பார்: 2019 தேர்தலில் தி.மு.க. கொடுத்த பணத்தை இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் வாங்கவில்லையா? வாங்கின. கணக்கிலும் இருக்கிறது. அரூர்த் தொகுதியில் 2006இல் ஒரு கழகத்தோடும் 2011இல் மற்ற கழகத்தோடும் நின்று ஜெயிக்கவில்லையா? ஜெயித்தோம். வாச்சாத்தியை மறுத்தவர்களோடு ஒரே மேடையா என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கேட்டபோது, பாசிசம், முன்னணி, தந்திரோபாயம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். திருப்தியடைந்தார் என்று சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் யாரைக் கேட்பது? கட்சி இருந்தால் அதன் காரியாலய வாசலில் வந்து கேட்கலாம். கட்சிக்கு ஒரு பெயர் இருக்கிறது, முந்தைய தேர்தலில் கொடுத்த வாக்குறுதி அச்சில் இருக்கிறது. தனி உத்தமர் விலை போனால் எந்த வாசலில் போய் நிற்பது?

பஸ் வரும் நேரமாகிவிட்டது. அந்த இளைஞர் என் பேச்சை முழுக்க ஒப்புக்கொண்டார் என்று எழுதினால் அது புளுகு. "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் அண்ணா, பார்ப்போம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் தங்கைக்குப் பழங்குடிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, காலேஜில் சேர்க்கத் தேதி நெருங்குகிறது, இரண்டு முறை காரியாலயத்துக்கு அலைந்தாயிற்று என்றார்.

"உங்க ஊர்ல இப்படி எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் போன் செய்தார். பதினோரு பேராம். திங்கட்கிழமை தர்மபுரியில் கலெக்டர் மனு வாங்கும் நாள். பதினோரு பிள்ளைகளையும் பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறேன். மனுவை அவரே எழுதுகிறார். என்னைவிட அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.