வாசலிலிருந்து கட்டில்வரை



சென்ற இதழில் நித்திரை பற்றி எழுதியதற்கு உங்களைவிட உங்கள் அம்மாமார்தான் அதிகம் நன்றி சொன்னார்கள். இந்த முறை உயரமான கட்டடங்கள். பாபேல் கோபுரத்துக்குப் போய்விடுவேன் என்று பயப்படவேண்டாம். அது போதகரின் பங்கு. ஒரு தாதியாக எனக்குத் தெரிந்தது நிமிடக் கணக்கு மட்டும்.

போன மார்கழியில் கரோல் பாட வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்காபுறோவில் ஒரு பழைய தொடர்மாடி, இருபத்திரண்டாம் மாடியில் நம் சபை அம்மம்மா ஒருவர். இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது. மற்றதில் யாரோ சோபா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கீழே நின்று கிட்டாருக்குச் சுருதி சேர்த்து, பகிடி விட்டுச் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் கண் கைக்கடிகாரத்தில். மேலே போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம்.

இதயம் திடீரென நின்றுபோனால், நெஞ்சை அழுத்தாமல், மின்னதிர்ச்சி கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அம்புலன்ஸ் ஆறு நிமிடத்தில் வந்தது என்றால், கட்டட வாசலுக்கு வந்தது என்று அர்த்தம். ஆள் கிடப்பது வாசலில் அல்ல.

கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2016 ஜனவரியில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ரொறன்ரோவிலும் பீல் பகுதியிலும் 2007 முதல் 2012 வரை வீட்டில் இதயம் நின்றுபோன 7,842 பேரின் பதிவுகள். மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 சதவீதம். பதினாறாம் மாடிக்கு மேலே 216 பேர், பிழைத்தவர்கள் இரண்டே பேர். இருபத்தைந்துக்கு மேலே 30 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. முப்பது என்பது சிறிய தொகைதான். மாடி இலக்கம் ஆளைக் கொல்வதுமில்லை. பூட்டிய வாசல், தெரியாத பஸ்ஸர் இலக்கம், வராத லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட், நீண்ட நடைபாதை: நிமிடங்களைத் தின்பவை இவை.

இதற்காக உயரமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1983க்குப் பிறகு வந்த நம்மவர் எத்தனையோ பேருக்கு முதல் கூரை சென்ற் ஜேம்ஸ் டவுன் மாடிகள்தான். இன்று நகரத்து வீடுகளில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மாடியும் அதற்கு மேலுமான கட்டடங்களில் இருக்கின்றன. யங் வீதியின் ஏரிக்கரை முனையில் 106 மாடிக் கட்டடம் எழும்புகிறது. வடக்கே தோட்டக் காணிகளை விழுங்காமல் எல்லோருக்கும் இடம் வேண்டுமென்றால் நகரம் மேலேதான் போகும். ஆனால் அன்று இருபத்தைந்து வயதில் வந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்து. அவர்களில் பலர் வீட்டை விற்றுவிட்டு, பனி அள்ளத் தேவையில்லை என்று கொண்டோவுக்குப் போகிறார்கள். குசினிக் கல்லையும் ஏரிக் காட்சியையும் பார்த்து வாங்குகிறோம். எத்தனை லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் உள்ளே போகுமா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை உங்கள் அப்பா வாங்கப் போகும்போது நீங்கள் கேளுங்கள்.

யாராவது விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் (மீன் போல வாய் திறந்து மூடுவது மூச்சல்ல), ஒருவர் 911 எடுத்து வீட்டு இலக்கத்தோடு எந்த வாசல், எந்த பஸ்ஸர் என்றும் சொல்லவேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவே ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். மூன்றாமவரைத்தான் நாம் மறக்கிறோம். அவர் கீழே ஓடி, கதவைத் திறந்து, லிஃப்டைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். அந்த ஆய்வாளர்களும் லிஃப்ட் மீட்புப் பணியாளருக்கு மட்டும் கிடைக்கவேண்டும் என்றுதான் கேட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட இதைச் செய்யலாம்.

மின்னதிர்ச்சிப் பெட்டியை, அதாவது ஏ.ஈ.டி.யை, தொட்டால் வழக்கு வருமா என்று ஒரு தம்பி கேட்டான். வராது. நல்லெண்ணத்தோடு பயன்படுத்துபவரைப் பாதுகாக்க ஒன்ராறியோவில் 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. அது பேரி நகரத்துச் சிறுவன் சேஸ் மக்கெக்கர்னின் பெயரைத் தாங்கியது. தனக்கே இதய நோய் இருந்தபோது, ஹொக்கி அரங்குகளில் இந்தப் பெட்டி வைக்கவேண்டும் என்று கேட்டவன். 2006இல் பதினொரு வயதில் இறந்துபோனான்.

கரோல் முடிந்து இறங்கும்போது, அந்தக் கட்டடக் காவலாளியிடம் பெட்டி எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர், விசாரித்துச் சொல்வதாக என் இலக்கத்தை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் அழைத்தார். பெட்டி இருக்கிறதாம், உடற்பயிற்சி அறைக்குள். அந்த அறையை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். திறப்பு அவரிடம் இல்லை.