விரைந்த தீர்ப்பும் தொலைந்த நீதியும்

முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 அக்டோபர் 8 அன்று உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. மறுநாள் காலை, மயிலாப்பூரில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாயிலில் கூடியவர்கள் சொன்னது ஒன்றுதான்: "அன்றைக்கே சுட்டுத் தள்ளியிருக்க வேண்டும்." கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் அதே வாசகம், சற்றே திருத்தமான தமிழில். அந்த வாசகத்தோடுதான் நமக்கு வழக்கு.

2017 பிப்ரவரியில் ஏழு வயதுக் குழந்தை காணாமற்போனாள். எரிந்த உடலே கிடைத்தது. அதே குடியிருப்பில் வசித்த இளைஞர் கைதானார். பக்கத்து வீட்டுக்காரர் என்ற சொல்லே அன்று நகரை நடுங்க வைத்தது. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் அடுக்ககங்கள்தோறும் கேமராக்கள் முளைத்தன. அண்டை வீட்டாரின் பெயரை மட்டும் நாம் இன்னும் கேட்டறியவில்லை.

2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவ்வாண்டு ஜூலையில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விரைந்த நீதி என்று கொண்டாடினோம். அந்த விரைவுக்குள் என்ன இருந்தது என்பதை உச்சநீதிமன்றம் பின்னர் எடுத்துக்காட்டிற்று. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட சில நாள்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. குற்றவாளி எனத் தீர்த்த அன்றே தண்டனையும் விதிக்கப்பட்டது. கேமராப் பதிவு உரிய முறையில் மெய்ப்பிக்கப்படவில்லை. தடயப் பொருள்கள் கைமாறிய வழியிலும் ஐயம் எழுந்தது. பிணையில் இருந்த காலத்தில் தம் தாயைக் கொன்றதாக அவர்மீது தொடரப்பட்ட வழக்கும், தந்தை பிறழ்சாட்சியானதால், 2025இல் விடுதலையிலேயே முடிந்தது.

இப்போது நண்பர்கள் நீதிமன்றத்தை ஏசுகிறார்கள். ஏசவேண்டியது எதனை? ஓட்டைப் பானையைச் செய்தவனை விட்டுவிட்டு, "ஒழுகுகிறது" என்று சொன்னவனை ஏசுவது என்ன நியாயம்? குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்ல வழக்கறிஞர் தருவது அவருக்குச் செய்யும் சலுகை அன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைக்கு நாம் தரும் உறுதி அது. குறுக்கு விசாரணையில் நின்ற சாட்சியமே மேல்முறையீட்டிலும் நிற்கும்.

'சுட்டுத் தள்ளு' என்பார்க்கு ஐதராபாத்தை நினைவூட்டுகிறோம். 2019 டிசம்பரில் அங்கே நால்வர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ அந்த மோதல் கதையை ஏற்கவில்லை. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டனர் என்றது. அதன் அறிக்கை 2022இல் வெளியானபோது மலர் தூவிய கைகள் எங்கே போயின?

தமிழ் படித்தவர்கள் உடனே கண்ணகியை இழுப்பார்கள். இழுக்கட்டும். ஆனால் மதுரையை எரித்தவளாக மட்டுமே அவளை நினைப்பது பாதிச் சிலம்பைப் படிப்பதாகும். பாண்டியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்று, கோவலனைக் கொல்ல ஆணையிட்டதே. அதாவது விரைந்த நீதி! கண்ணகி அவையில் செய்தது என்ன? தன் சிலம்பின் பரல் எது, அரசியின் சிலம்பின் பரல் எது என்று கேட்டு, உடைத்துக் காட்டினாள். மாணிக்கமா முத்தா என்ற அந்த ஒரு சோதனையைக் கொலைக்கு முன்னரே செய்திருந்தால் காப்பியமே வேறாகியிருக்கும். தீயை நினைவில் வைத்துக்கொண்ட நாம் அச்சோதனையை மறந்துவிட்டோம்.

அக்குழந்தையைக் கொன்றவர் யார் என்ற வினாவுக்கு இன்று சட்டத்திடம் விடை இல்லை. ஏறத்தாழ ஒன்பதாண்டு கழித்து அவளுடைய பெற்றோருக்கு நாம் அளித்தது இவ்வெறுமையைத்தான். விடையைப் பொறுமையாகத் தேடியிருக்க வேண்டிய நாள்களில், இந்த நகரம் தூக்குக் கயிற்றைக் கேட்டுக் கூவிக்கொண்டிருந்தது. அக்கூவலில் நம் குரலும் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.