புது ரேடியோ வருகிறது... பெட்டி எங்கே?



2016 டிசம்பர் 12ஆம் தேதியை எங்கள் கவரைப்பேட்டைப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். வர்தா புயல் கரையைக் கடந்த நாள் அது. மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் செல்போன்களும் ஊமையாகிவிட்டன. பரணில் கிடந்த பழைய பாக்கெட் ரேடியோவை எடுத்துத் துடைத்து, இரண்டு பேட்டரி போட்டேன். கரகரவென்று பேச ஆரம்பித்தது! அன்று இரவு அக்கம்பக்கத்தார் எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்? அந்த ரேடியோவைப் பற்றித்தான் டில்லியில் ஒரு யோசனை நடக்கிறது. தனியார் ரேடியோ நிலையங்கள் டிஜிட்டல் முறைக்கு மாறலாம் என்று, 'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 அக்டோபரில் மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது. முதலில் சென்னை உள்பட 13 பெரிய நகரங்களில் தொடங்கலாம் என்பது அதன் யோசனை.

டிஜிட்டலில் என்ன லாபம்? இப்போது எப்.எம்.மில் ஓர் அலைவரிசையில் ஒரு நிலையம்தான் பேச முடியும். புதிய முறையில் அதே அலைவரிசையில் பழைய எப்.எம். நிகழ்ச்சி ஒன்று, டிஜிட்டல் நிகழ்ச்சிகள் மூன்று, எழுத்தாக வரும் தகவல் சேவை ஒன்று என்று ஐந்தை அனுப்பலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருந்த சீட்டில் ஐந்து பேர் ஒழுங்காக உட்கார்ந்து வருவது போல! ஆனால் என் பழைய பெட்டிக்கு டிஜிட்டல் பாஷை புரியாது. புதுப் பெட்டி வாங்க வேண்டும்.

இங்கேதான் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. சென்னைக்கு ரேடியோவை முதலில் கொண்டுவந்தது யார் தெரியுமா? அரசாங்கம் அல்ல, ஒரு சங்கம்! சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரும் ஆர்வமுள்ள சிலரும் சேர்ந்து 1924 மே 16ஆம் தேதி 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது லண்டனில் பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி சங்கத்தின் ஒலிபரப்பு தொடங்கியது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு? வெறும் 40 வாட்! நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன்கூட அதைவிட அதிக மின்சாரம் இழுக்கும். பிறகு 200 வாட் டிரான்ஸ்மிட்டர் வந்தது.

மூன்றே வருடம்தான். 1927 அக்டோபரில் பணமுடையால் ஒலிபரப்பு நின்றுபோனது. கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. கேட்பதற்குத்தான் வீடுகளில் பெட்டி இல்லை! வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். வசதியானவர்களால்தான் வாங்க முடிந்தது.

சங்கம் தன் டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியபோது கூடவே ஒரு கெட்டிக்கார வேலையும் செய்தது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது! காற்று வாங்க வந்தவர்கள் காசு கொடுக்காமல் பாட்டு கேட்டார்கள். மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் நிகழ்ச்சி உண்டு. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும் வரை மாநகராட்சிதான் நடத்தியது. என் சிறு வயதில் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ இருந்ததே, அதுவும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

இன்னொன்று கேளுங்கள். இந்தியாவிலேயே முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23ஆம் தேதி நம் சென்னையில்தான் தொடங்கியது. எங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எப்.எம். உள்ள மலிவான பெட்டிகள் கடைக்கு வந்த பிறகுதான் ஊரே கேட்க ஆரம்பித்தது.

பணக்கார நாடுகளிலும் இதே தொல்லைதான். சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31ஆம் தேதி எப்.எம்.மை ஒரேயடியாக நிறுத்தி, டிஜிட்டலுக்கு மாறியது. 2025இல் அதன் ரேடியோவைக் கேட்பவர்கள் எண்ணிக்கை சரசரவென்று குறைந்தது!

டிராய் அந்தத் தவறைச் செய்யவில்லை. பழைய எப்.எம்.மும் கூடவே ஒலிக்கட்டும் என்றுதான் சொல்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் எத்தனை காலத்துக்கு? மீனவர் வீட்டிலும் செங்கல் சூளையிலும் புதுப் பெட்டி வந்து சேரும் முன்பே பழையதை நிறுத்தினால், அடுத்த புயலில் அவர்களுக்கு யார் செய்தி சொல்வது? புதுப் பெட்டியின் விலையை யார் குறைப்பது? இதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.

செல்போனிலேயே ரேடியோ இருக்கிறதே என்கிறீர்களா? பல புதுப் போன்களில் அது இல்லை. பேரிடர் காலத்தில் உதவும் என்பதால், போன்களில் எப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று 2023இல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை சொன்னது. உங்கள் வீட்டுப் போனில் இருக்கிறதா என்று இன்றைக்கே அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுத் தேடிப் பாருங்கள். தேடும்போது ஹெட்போன் வயரைச் செருக மறக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் அந்த வயர்தான் ஆன்டெனா!