எழுதி வைங்க பாய்!

வட்டி ஹராம்னு பேங்க் வட்டியைத் தொடாத நம்மாளுங்ககிட்ட ஒரு கேள்வி. கைமாத்து வாங்கினதை, கொடுத்ததை எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?

குர்ஆன்லயே நீளமான வசனம் அல்பகரா 282. தவணைக்குக் கடன்னா எழுது, சாட்சி வைன்னு சொல்ற வசனம். நாமளோ, "நமக்குள்ள எதுக்கு பாய் எழுத்தெல்லாம்"ங்கறதைப் பெருந்தன்மைன்னு நினைக்கிறோம். அப்படிச் சொல்லித்தான் ரூம்மேட்டுக்கு 40,000 கொடுத்தேன். அவன் கணக்குல அது 25,000! ரெண்டு பேருமே பொய் சொல்லலை, ஞாபகம்தான் வேற வேற. இப்ப ஜும்ஆவுல பார்த்தா சலாமோட சரி.

ரமலான்ல 2.5 சதவீத ஜகாத்தும் குத்துமதிப்புதான்.

ஆபீஸ்ல ஒரு வரி கோட் மாத்தினாலும் கமெண்ட் எழுதுறவன் நான் (இல்லைன்னா லீட் விடமாட்டார்). தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் வரவு செலவு எழுத மட்டும் வலிச்சுது. இப்ப எழுதறேன். மொத வரியில 25,000ன்னே போட்டுட்டேன்.