சூளைக்குத் தெரிந்த கணக்கு

எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தன் ஊழியர்களிடம் பேசிய காணொளி 2025 ஜனவரியில் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று அதில் வருத்தப்பட்டார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள், மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். சீனர்கள் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கிறார்களாம், அதுதான் சான்று. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்களிடம் கேட்டது 70 மணி நேரம். பதினைந்தே மாதத்தில் ஏலம் 20 மணி ஏறிவிட்டது.

அந்தப் பேச்சைக் கேலி செய்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். வாதம் ஓயவில்லை. "எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான், உருப்பட்டவன் அதைப் பயன்படுத்தினான், நீ வீணடித்தாய்" என்று அதற்குப் பொட்டு வைத்து, நேர மேலாண்மை என்ற பெயரில் ஊர் ஊராக விற்கிறார்கள். விருத்தாசலம் மாதிரி ஊரில் இந்தச் சரக்கு விலைபோகக் கூடாது. செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைப் படிக்க ஓர் அரசுப் பயிலகமும் உள்ள ஊர் இது. நேரத்தை எப்படிக் கையாள்வது என்று இங்கே களிமண்ணே சொல்லிக்கொடுக்கும்.

குழம்பாகக் கரைத்த களியைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சி, ஓரத்தில் களி கெட்டிப்பட்ட பிறகுதான் மிச்சக் குழம்பை வடிக்க முடியும். அவசரப்பட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை சரிந்துவிடும். அதே அச்சில் விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது ஊறிப்போய் உறிஞ்சாது. காயப்போட்டே ஆக வேண்டும். ஈரம் போகாத சரக்கைச் சூளையில் ஏற்றிச் சட்டென்று சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். ஆறும்போதும் அப்படித்தான். 573 டிகிரி செல்சியஸில் சரக்கிலுள்ள குவார்ட்ஸின் உள்ளமைப்பு மாறி அது சுருங்குகிறது. அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் பீங்கானில் விரிசல் விழும். பொறுமையில்லாமல் சூளைக் கதவைத் திறந்தால் பல நாள் உழைப்பு ஒரே நொடியில் ஓட்டாஞ்சில்லு.

ஆகவே இந்தத் தொழிலில் அதிக நேரம் நிற்பவர் கெட்டிக்காரர் இல்லை. ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றுக்குப் பிசிறு எடுக்கவும், அது சூளையில் இருக்கும்போது அடுத்ததற்கு வண்ணம் தீட்டவும் வேலையை வரிசைப்படுத்தத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். எப்போது கை வைக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். கட்டுமானப் பொறியியல் படித்த சுப்ரமணியனுக்கு இது புரியாத விஷயமா? கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில்தானே சோதிக்கிறார்கள்? 'உனக்கெதற்கு இத்தனை நாள்' என்று எந்தப் பொறியாளராவது அதை அதட்டுவாரா? சிமென்டுக்குக் கொடுக்கும் மரியாதை மனிதனுக்கு ஏன் இல்லை?

90 மணியைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி. நாளைக்கு எட்டு மணி தூக்கம் என்றால் 56 போய்விடும். சுப்ரமணியனுக்கு 90. மிச்சம் 22 மணி, நாளொன்றுக்கு மூன்று மணியும் சொச்சமும். குளிப்பது, சாப்பிடுவது, போய்வருவது, பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் அதற்குள்ளே. இது நடக்க வேண்டுமென்றால் சமையலும் துணி துவைப்பதும் வேறொருவர் தலையில் விழ வேண்டும். யார் தலையில் என்பதற்கு அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது: ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். எல்லாருக்கும் ஒரே 24 மணி நேரம் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறாரோ, அந்த மனைவியின் கூலியில்லாத உழைப்பில்தான் அவருடைய திட்டமே நிற்கிறது.

அடுத்த வாதம், நாட்டின் முன்னேற்றம். நாராயண மூர்த்தி போருக்குப் பிந்தைய ஜெர்மனியையும் ஜப்பானையும் காட்டினார். இன்றைய ஜெர்மானியத் தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மணிக்கும் குறைவாகவே வேலை செய்கிறார். வேலைப்பளுவால் சாவதற்கென்றே 'கரோஷி' என்று தனிச்சொல் வைத்திருக்கும் ஜப்பான், 2018இல் சட்டம் போட்டு மிகைநேர வேலைக்கு உச்சவரம்பு வைத்தது. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் ஆறு நாள் என்ற முறை சட்டவிரோதம் என்று சீனாவின் உச்ச நீதிமன்றமே 2021இல் சொல்லிவிட்டது. அது வெறும் 72 மணிதான்! இந்தியாவிலோ, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, வேலை செய்வோரில் பாதிப் பேர் ஏற்கெனவே வாரம் 49 மணிக்கு மேல் உழைக்கிறார்கள். நீண்ட நேரம் உழைத்தால் நாடு பணக்கார நாடாகும் என்றால் நாம் என்றைக்கோ ஆகியிருக்க வேண்டும்.

உடம்பின் கணக்கு தனி. வாரம் 55 மணிக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35–40 மணி வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொன்னன. பீங்கான் தொழிலாளிக்கு இதோடு சிலிக்கா தூசியும் உண்டு. கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு மணியும் நுரையீரலில் ஏறும் தூசி.

"நான் அப்படி உழைத்துத்தான் மேலே வந்தேன்" என்பது கடைசி அஸ்திரம். சுப்ரமணியன் 2023–24இல் வாங்கிய ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். அவர் நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல் 534 மடங்கு. 534 மடங்கு வாங்குபவரின் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மடங்கு வாங்குபவரின் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே விலையா? கார்த்திகைக்கு முன் அகல் விளக்கு ஆர்டர் குவிந்தால் விருத்தாசலத்திலும் இரவு வேலை நடக்கும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பருவம் முடிந்தால் அதுவும் முடியும். வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியபோது எழுந்த எதிர்ப்பில், அரசு மூன்றே நாளில் அதை நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றது. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு நூறு ஆண்டு.

நேரத்தைச் சரியாகக் கையாள வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாடம் நேரத்தின் பிடி யார் கையில் இருக்கிறதோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும். கடைசி நிமிடத்தில் வடிவத்தை மாற்றும் ஆர்டரையும், தள்ளிப்போகும் பட்டுவாடாவையும் தொழிலாளி விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சரிசெய்ய முடியாது. சிறு தொழிலிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலாளியின் நாட்காட்டியைத் திருத்தக் கிளம்பும் பெருநிறுவனங்கள், முதலில் தங்கள் கணக்குப் பிரிவின் நாட்காட்டியைத் திருத்தட்டும்.