வீட்டு வருகை நிறுத்தம்: முன்னாள் படைவீரர்களுக்கான பேச்சு, விழுங்கல் சிகிச்சை குறித்து நம் சங்கத்தின் நிலைப்பாடு

முன்னாள் படைவீரர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று பேச்சு, விழுங்கல் சிகிச்சை அளித்துவரும் திட்டத்தில், அடுத்த மாதம் முதல் வீட்டு வருகையை நிறுத்திவிட்டுக் கைபேசிக் காணொளி வழியாகச் சிகிச்சையைத் தொடரும்படி திட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாகம் அனுப்பிய சுற்றறிக்கையை உறுப்பினர்கள் அனைவரும் படித்திருப்பீர்கள்.  நம் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் சங்கத்தின் செயற்குழு நெடுநேரம் விவாதித்து, சில சொற்களில் கருத்து வேறுபாடு நீடித்தபோதும், கீழ்க்கண்ட நிலைப்பாட்டைப் பெரும்பான்மை ஒப்புதலுடன் வெளியிடுகிறது.

விழுங்கல் குறைபாடு உள்ளவர் என்று ஐயப்படும் எந்த முன்னாள் படைவீரரையும், அவர் சாப்பிடும் இடத்தில், சாப்பிடும் நேரத்தில், குறைந்தது ஒருமுறையாவது நேரில் பார்க்காமல் ‘வாய்வழி உணவு பாதுகாப்பானது’ என்று நம் உறுப்பினர்கள் எழுதித் தரக் கூடாது. பேச்சுப் பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் மதிப்பீடும் குடும்பத்தாருக்கான தொடக்கப் பயிற்சியும் வீட்டிலேயே நடக்க வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான பரிந்துரை.

காணொளிச் சிகிச்சையை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. பார்க்கின்சன் நோயால் குரல் தணிந்துபோனவர்களுக்கு வாரம் 4 நாள் வீதம் 4 வாரம் தரப்படும் உரத்த குரல் பயிற்சியை, தகுந்த ஏற்பாடு இருந்தால், திரை வழியாகவும் நடத்த முடிகிறது. வீட்டில் ஒருமுறை நன்கு அறிமுகமான குடும்பத்துக்குத் தொடர் பயிற்சியைக் கைபேசியில் தருவதிலும் பெரிய தடை இல்லை. இதுவரை செயற்குழுவில் எல்லோரும் ஒத்துப்போனோம். சுற்றறிக்கை இதோடு நின்றிருந்தால் இந்த அறிக்கைக்கே வேலை இருந்திருக்காது. அது விழுங்கல் மதிப்பீட்டையும் சேர்த்தே காணொளிக்கு மாற்றுகிறது. புதிய படிவத்தில் ‘இருமல் உண்டா, இல்லையா’ என்ற ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும் என்கிறது. இதை நிதானமான சொற்களில் எதிர்க்க முயன்றோம், முடியவில்லை. இது ஆபத்தான யோசனை. நோயாளி சாப்பிடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்த எவரும் இப்படி ஒரு கட்டத்தை வரைந்திருக்க மாட்டார்கள்.

முதலாவது, பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறினால் இருமுவார் என்பது பொதுவான நம்பிக்கை. பலருக்கு அப்படி நடப்பதில்லை. குரல்வளையின் உணர்வு மங்கிவிட்டால், சோறும் தண்ணீரும் காற்றுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமலே எழாது. முகம் சுளிக்காது, கண்ணில் நீர் வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போனது சில நாள் கழித்துக் காய்ச்சலாக, சளியாக, நிமோனியாவாக வெளிவரும். வீட்டில் அதைக் ‘குளிர் காற்று பட்டுவிட்டது’ என்பார்கள். இருமல் இல்லை என்று கட்டத்தில் குறித்தால், யாரைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அவரையே ஆரோக்கியமானவர் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.

இரண்டாவது, நம் ஊர்க்காரர்கள் தண்ணீர் குடிக்கும் விதம். மருத்துவமனையில் 90 மில்லி தண்ணீரை டம்ளரில் கொடுத்து, இடைவிடாமல் குடிக்கச் சொல்லிப் பார்க்கும் சோதனை உண்டு. நல்ல சோதனைதான். ஆனால் அங்கே நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பார். வீட்டிலோ உதட்டில் வைப்பது எச்சில். சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, தண்ணீரை நேராகத் தொண்டையில் ஊற்றிக்கொள்வார். ஒரே தண்ணீர் பாட்டிலைப் பலரோடு பகிர்ந்து குடித்த பட்டாளத்துக்காரருக்கு அது இன்னும் ஊறிய பழக்கம். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் தன் எடையாலேயே வேகமாக இறங்கும்; விழுங்கும் அசைவு தாமதமாகத் தொடங்குபவருக்குக் காற்றுக்குழாய் மூடிக்கொள்ள நேரம் கிடைக்காது. பல நோயாளிகளிடம் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்கிறோம். அண்ணாந்து குடிப்பது அதற்கு நேர் எதிர்.

வேலூர் மாவட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பார்த்துவந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் நிலை இதற்குச் சான்று. அவருக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மருத்துவமனை அறிக்கையில் விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று இருந்தது. காணொளியிலும் இல்லை. மருமகள் கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுப்பார், அவர் அழகாக விழுங்குவார். இடையில் இரண்டு முறை காய்ச்சல். அதன் பிறகுதான் நம் உறுப்பினர் நேரில் போனார். வேண்டுமென்றே மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், பேச்சுக் கொடுத்தபடி காத்திருந்தார். தட்டில் ரசம் சாதம். அது மிருதுவானது என்றுதான் வீட்டில் கொடுக்கிறார்கள். ஆனால் நீரும் பருக்கையும் கலந்த உணவு விழுங்கச் சிரமமானது, பருக்கையை மெல்லும்போதே ரசம் முன்னால் ஓடிவிடும். பாதிச் சாப்பாட்டில் ஹவில்தார் இடது கையால் சொம்பை எடுத்தார். இடது கை இன்னும் பழகவில்லை, தண்ணீர் கோணலாக விழுந்தது. அண்ணாந்து மூன்று மடக்கு. இருமவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு “போதும்மா” என்று சொன்ன குரலில் தண்ணீர் கொப்பளிக்கும் ஒலி கலந்திருந்தது. நம் உறுப்பினர் அவருடைய தொண்டையில் விரல் வைத்து அடுத்த வாயை விழுங்கச் சொன்னார். குரல்வளை மேலே எழுவது தாமதமாவதை விரல் உணர்ந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். மாத்திரைகளைப் படுத்தபடியே, அதே சொம்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டார்.

இதில் எதைக் கைபேசித் திரை காட்டியிருக்கும்? ஈரக் குரலைக் கைபேசியின் ஒலிவாங்கி தேய்த்துவிடும். தொண்டையில் விரல் வைக்க முடியாது. சொம்பு திரைக்கு வெளியே இருக்கும். சிகிச்சையாளர் பார்க்கிறார் என்று தெரிந்தால் எந்த வீட்டிலும் ஸ்பூன்தான் வெளியே வரும், அதில் குடும்பத்தாரின் தவறு எதுவும் இல்லை. அந்த வீட்டில் அன்று சொம்புக்குப் பதில் வாயகன்ற டம்ளர் வந்தது, ரசம் சாதத்துக்குப் பதில் குழையப் பிசைந்த பருப்புச் சாதம் வந்தது, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார நாற்காலி வந்தது. வேளாவேளைக்கு வாயைச் சுத்தம் செய்வதும் பழக்கமானது. வாயில் தங்கும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குவது நிமோனியாவுக்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஒரு மதிய நேரமும் ஒரு பேருந்துப் பயணமும்தான் செலவு. அந்தப் பேருந்துக் காசைத்தான் மிச்சம் பிடிக்கப் போகிறார்களாம்.

உணவின் பதம் பற்றியும் சொல்ல வேண்டும். 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக உணவையும் பானத்தையும் பிரிக்கும் பன்னாட்டு முறையை நாம் பயன்படுத்துகிறோம். ‘இந்தப் படி’ என்று தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு கிராமத்துச் சமையலறையில் அது எதையும் குறிக்காது. கேழ்வரகுக் கூழ் அடுப்பிலிருந்து இறக்கியபோது ஒரு பதம், ஆறினால் வேறு பதம், மோர் ஊற்றிக் கரைத்தால் இன்னொன்று. அதைச் சமைப்பவரோடு நின்று, கரண்டியிலிருந்து எப்படி வழிகிறது என்று காட்டித்தான் சொல்லித்தர முடியும். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதியும் எக்ஸ்ரே திரையில் விழுங்குவதைப் படமெடுக்கும் வசதியும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு, தேவைப்படுவோரை அங்கே அனுப்பத்தான் வேண்டும். யாரை அனுப்ப வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

பேச்சிழப்பு குறித்துச் சுருக்கமாக. தமிழ் ஜவான்கள் இளம் வயதில் படையில் சேர்ந்து இந்தியில் கட்டளை கேட்டு, இந்தியில் பதில் சொல்லிப் பல ஆண்டு கழித்தவர்கள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட பிறகு சிலருக்கு மனைவியின் பெயர் வராது, ‘ஏக், தோ, தீன்’ தடையில்லாமல் வரும். ‘சாவ்தான்’ (நேராக நில்) என்றால் உடம்பு விறைக்கும். எந்த மொழி முதலில் திரும்பும் என்பதற்குப் பொது விதி இல்லை. தாய்மொழி என்றொரு கட்சி, நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழி என்றொரு கட்சி, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வாதம் நடக்கிறது. இந்தியில் எண்ணத் தெரிந்தவரைத் தமிழில் எண்ண வைத்து, அங்கிருந்து வீட்டுப் பேச்சுக்கு இழுத்து வரும் வேலைக்கு, சுவரில் மாட்டிய ரெஜிமென்ட் புகைப்படமும் பெட்டியில் இருக்கும் பதக்கமும் பக்கத்து வீட்டுப் பழைய தோழரும் நமக்குத் தேவை. படங்கள் அச்சிட்ட அட்டைக் கட்டு அவற்றுக்கு ஈடாகாது.

பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குச் செவித்திறன் குறைந்திருப்பது சாதாரணம், அவர்களுக்குக் கைபேசி ஒலியில் சிகிச்சை தருவதால் யாருக்கும் பயனில்லை.

நம் துறை போர்வீரர்களால் வளர்ந்த துறை. இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட சோவியத் வீரர்களுக்கு உரால் மலைப் பகுதியில் சிகிச்சை அளித்தபோதுதான் நரம்பு உளவியலாளர் லூரியா மொழி மறுவாழ்வின் அடிப்படைகளை வகுத்தார். அதே போருக்குப் பின் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் பேச்சிழந்த வீரர்களோடு வேலை செய்தவர்களிடமிருந்தும் நாம் கற்றிருக்கிறோம். சட்டமும் நமக்குத் துணை: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை அங்கீகரிக்கப்பட்ட 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. பேச்சிழப்பையும் குரல்வளை அகற்றத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதன் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டேனும், வசிப்பிடத்துக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. 2003 ஏப்ரலில் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.-இன் பாலிக்ளினிக்குகள் மீது இந்த அறிக்கை குறை சொல்லவில்லை. அங்கே வர முடியாதவரைப் பற்றியே பேசுகிறோம். 1971 போரில் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. ஒரு பக்கம் செயலிழந்த அவரை ஆட்டோவில் ஏற்றி, பேருந்து நிலையத்தில் இறக்கி, வரிசையில் உட்கார வைத்துக் கூட்டிவர அவரைவிட நான்கைந்து வயதே குறைந்த மனைவி மட்டுமே இருக்கிறார். வர முடியாது என்பதால்தான் நாம் போகிறோம்.

வீட்டு வருகைக்கான பயணப்படி பற்றி நிர்வாகத்தோடு உள்ள தகராறு குறித்துச் செயற்குழுவில் இரு கருத்துகள் இருந்தன. இப்போதைக்கு, தொகை பற்றிய பேச்சைச் சிகிச்சை முறை பற்றிய பேச்சிலிருந்து பிரித்து நடத்துவது ‘பொருத்தமாக இருக்கலாம்’ என்ற வாசகம் ஏற்கப்பட்டது. நாம் காசுக்காகவே எதிர்க்கிறோம் என்று நிர்வாகத் தரப்பில் ஒருவர் பேசியது நம் காதுக்கும் வந்தது. சொந்த வண்டியில் சொந்தப் பெட்ரோல் போட்டு மலையடிவாரக் கிராமங்களுக்குப் போய்வந்த நம் பெண் உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லட்டும். தனியாகப் போகும் பெண் சிகிச்சையாளர்களின் பாதுகாப்புக்கு மாலை 5 மணிக்கு மேல் வருகை வேண்டாம் என்ற கோரிக்கையும் நிலுவையிலேயே இருக்கிறது.

நிர்வாகத்திடம் கேட்பது: சுற்றறிக்கையின் விழுங்கல் பகுதியை உடனே திரும்பப் பெறுக, மற்றவற்றை மூன்று மாதம் நிறுத்திவைத்து, நம் பிரதிநிதிகளையும் முன்னாள் படைவீரர் குடும்பத்தாரையும் சேர்த்துப் பேசுக. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்கும் இதன் நகல் போகிறது.

பதில் வரும்வரை உறுப்பினர்கள் செய்ய வேண்டியது ஒன்று. புதிய படிவத்தில் விழுங்கல் கட்டத்துக்கு வரும்போது ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ குறிக்காதீர்கள். ‘நேரில் பார்க்கவில்லை’ என்று எழுதி, தேதியிட்டு, உங்கள் பதிவு எண்ணோடு கையொப்பமிடுங்கள். அதற்காக எந்த உறுப்பினர் மீது நடவடிக்கை வந்தாலும், அந்தக் கடிதத்துக்குச் சங்கத்தின் பெயரில் பதில் போகும்.